பேக்கப் தானா ஓடற மாதிரி வைக்கறது எப்படின்னும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபைல்களைப் பூட்டிட்டு காசு கேக்கற ரான்சம்வேர், வைரஸ்னு செய்தி வரும்போதெல்லாம் உங்க பேப்பர்ல கடைசி வரியா "முக்கியமான ஃபைல்களை பேக்கப் எடுத்து வைக்கவும்"னு போடறீங்க. நல்ல விஷயம்தான், ஆனா எப்படி எடுக்கறதுன்னு அதுக்கு மேல ஒண்ணும் வர்றதில்ல. படிக்கறவங்க போட்டோ ஃபோல்டரை மட்டும் ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணிட்டு அதோட விட்டுடறாங்க, அப்புறம் மாசக்கணக்கா அதைத் தொடறதே இல்ல. ஞாபகம் வச்சு கையால எடுக்கற பேக்கப் எந்த வீட்டுலயும் ரொம்ப நாள் நடக்காது, இதை நான் உறுதியா சொல்றேன். அது ஷெட்யூல் போட்டு தானா ஓடணும், ஃபோல்டரா இல்லாம முழு டிஸ்க் இமேஜா ஓடணும்.

இமேஜ்னா விண்டோஸ், கம்ப்யூட்டர் ஆன் ஆகத் தேவையான பூட் பார்ட்டிஷன், டிரைவர், இன்ஸ்டால் பண்ண சாஃப்ட்வேர், செட்டிங்ஸ், நம்ம ஃபைல்ஸ் எல்லாத்தையும் அப்படியே படம் பிடிச்ச மாதிரி ஒரே பெரிய ஃபைலா சேமிக்கறது. டிஸ்க் செத்துப்போனா புதுசு ஒண்ணு மாட்டி அதுல ரீஸ்டோர் பண்ணினா கம்ப்யூட்டர் கடைசியா பேக்கப் எடுத்தப்ப இருந்த நிலைக்கே வந்துடும். வெறும் ஃபைல் காப்பி மட்டும் இருந்தா விண்டோஸ் போட்டு, டிரைவர் தேடி, சாஃப்ட்வேர் ஒவ்வொண்ணா ஏத்தி, லைசென்ஸ் நம்பர் தேடி அலையணும். இன்னொண்ணு, நிறைய புரோகிராம் தன்னோட டேட்டாவை ஆப்டேட்டா மாதிரி கண்ணுக்குத் தெரியாம மறைஞ்சிருக்கற ஃபோல்டர்லதான் வைக்குது, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் காப்பி பண்றவங்களுக்கு அது போனது தெரியவே தெரியாது. இப்போ சுத்தற பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் வந்த பிறகு இது இன்னும் முக்கியம், ஏன்னா பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி சத்தம் குடுத்து எச்சரிக்காம திடீர்னு நின்னுடலாம், அழிச்ச ஃபைல் இருந்த இடத்தைக் காலி பண்ற டிரிம்னு ஒரு வசதி அதுல ஓடறதால டெலிட் ஆன ஃபைலை ரெக்கவரி பண்றதும் கஷ்டம்.

நார்ட்டன் கோஸ்ட்னு பழைய இமேஜ் சாஃப்ட்வேர் இருந்த காலத்துல கம்ப்யூட்டரை நிறுத்தி, விண்டோஸ் இல்லாம டாஸ்ல பூட் பண்ணித்தான் இமேஜ் எடுக்கணும், அதனால அது டெக்னீஷியன் வேலைன்னு ஆயிடுச்சு. இப்போ விண்டோஸ்ல டிஸ்க் அந்த நிமிஷம் இருக்கற நிலையைப் பிடிச்சு வைக்கற வால்யூம் ஷேடோ காப்பின்னு ஒண்ணு இருக்கு, நாம வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போதே பின்னாடி இமேஜ் எடுக்கலாம். வீம் ஏஜென்ட்ங்கற பேக்கப் சாஃப்ட்வேரோட இலவச பதிப்பு இந்த வேலையை நல்லா செய்யும். நிறைய பேர் வச்சிருந்த இன்னொரு சாஃப்ட்வேரான மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டோட இலவச பதிப்புக்கு 2024 ஜனவரியோட சப்போர்ட் முடிஞ்சுது, இன்னும் அதையே ஓட்டறவங்க மாத்திக்கறது நல்லது. கன்ட்ரோல் பேனல்ல பேக்கப் அண்ட் ரீஸ்டோர்னு விண்டோஸ் 7 காலத்து ஐட்டம் இன்னும் இருக்கு, ஆனா மைக்ரோசாஃப்ட்டே 2017-ல சிஸ்டம் இமேஜுக்கு வேற சாஃப்ட்வேர் பாத்துக்கோங்கன்னு சொல்லிடுச்சு. குளோன்சில்லாங்கற இலவச இமேஜ் சாஃப்ட்வேர் அருமையானது, ஆனா தனியா பூட் பண்ணணும், அதனால தானா ஓடற வேலைக்குத் தோதுப்படாது.

ஷெட்யூல் போடும்போது மாசம் ஒரு ஃபுல் இமேஜ், தினமும் ஒரு இன்கிரிமென்ட்டல்னு வச்சா போதும். இன்கிரிமென்ட்டல்ல மாறின பகுதி மட்டும்தான் போகும், சீக்கிரம் முடியும், ஆனா அது சங்கிலி, நடுவுல ஒரு ஃபைல் கெட்டா அதுக்கு அப்புறம் எடுத்தது எதுவும் உதவாது, அதுக்குத்தான் அப்பப்ப ஃபுல் வேணும். ராத்திரி 2 மணிக்கு ஷெட்யூல் போட்டுட்டு கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கறவங்கதான் அதிகம், அதனால தவறினா அடுத்த தடவை ஆன் பண்ணினதும் ஓடற ஆப்ஷனை கண்டிப்பா டிக் பண்ணணும். பழைய இமேஜை தானா அழிக்கற செட்டிங்கும் போடணும், இல்லைன்னா டிரைவ் நிறைஞ்சு பேக்கப் நின்னுடும், அதை யாரும் கவனிக்க மாட்டாங்க.

எல்லாத்தையும் விட சிக்கலான இடம் ஒண்ணு இருக்கு. தானா ஓடணும்னா எக்ஸ்டர்னல் டிரைவ் எப்பவும் சொருகியே இருக்கணும், ஆனா சொருகியே இருந்தா ரான்சம்வேர் வரும்போது அந்த டிரைவையும் சேர்த்துப் பூட்டிடும், ஷேடோ காப்பியை முதல்லயே அழிச்சிட்டுத்தான் பல ரான்சம்வேர் வேலையவே ஆரம்பிக்குது. 2017-ல வான்னாக்ரை வந்தப்ப உலகம் பூரா இதைப் பாத்தோம். இதுக்கு வழி இருக்கு. டிரைவை சொருகின உடனே பேக்கப் ஆரம்பிச்சு, முடிஞ்சதும் தானே எஜெக்ட் பண்ற ஆப்ஷன் வீம்ல இருக்கு, நாம செய்ய வேண்டியது சொருகறது, எடுக்கறது மட்டும்தான். முடிஞ்சவங்க ரெண்டு டிரைவ் வச்சு மாத்தி மாத்தி சொருகலாம், ஒண்ணு எப்பவும் வெளிய இருக்கும், அதை வேற இடத்துல வச்சா இன்னும் நல்லது. கிளவுட்ல சிங்க் ஆகுதே அது போதாதான்னு கேக்கறாங்க, போதாது, இங்க அழிச்சா அங்கயும் அழியும், ரீசைக்கிள் பின்ல கொஞ்ச நாள் இருக்கும், அவ்வளவுதான்.

டிஸ்க்கையே பூட்டி வைக்கற விண்டோஸோட பிட்லாக்கர் போட்ட கம்ப்யூட்டர்னா அதைத் திறக்கற 48 இலக்க ரெக்கவரி கீயை பேப்பர்ல எழுதி வைக்கணும். விண்டோஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போது எடுக்கற இமேஜுக்கு அந்தப் பூட்டு சேராது, அதனால பேக்கப் சாஃப்ட்வேர்லயே தனியா பாஸ்வேர்ட் போட்டுக்கணும். அந்த பாஸ்வேர்டை அதே கம்ப்யூட்டர்ல சேமிச்சு வைக்கறதுல அர்த்தமே இல்ல.

அப்புறம் ரெஸ்க்யூ யுஎஸ்பி. இதைச் செய்யாம விடறவங்கதான் அதிகம். செத்துப்போன கம்ப்யூட்டரை பூட் பண்ண இது வேணும், இமேஜ் இருந்தும் இது இல்லைன்னா அவசரத்துக்கு இன்னொரு கம்ப்யூட்டரைத் தேடி ஓடணும். செஞ்சு வச்சா மட்டும் போதாது, அதுல ஒரு தடவை பூட் பண்ணி எக்ஸ்டர்னல் டிரைவ் தெரியுதா, இமேஜ் லிஸ்ட்ல வருதான்னு பாக்கணும். மாசத்துக்கு ஒரு தடவையாவது இமேஜைத் திறந்து உள்ள இருந்து ஏதாவது ஒரு ஃபைலை எடுத்துப் பாருங்க.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சதுக்கு அப்புறம் பல பேர் பழைய கம்ப்யூட்டரை அப்கிரேட் பண்றாங்க, இமேஜ் எதுவும் எடுக்காமலே அப்கிரேட் பட்டனை அழுத்தறாங்க. தயவுசெஞ்சு உங்க தொழில்நுட்பப் பக்கத்துல இதை ஒரு தொடரா போடுங்க. இமேஜ் எடுக்கறதுக்கு ஒரு வாரம், ஷெட்யூலுக்கு ஒரு வாரம், ரீஸ்டோருக்கு மட்டும் ரெண்டு வாரம் குடுங்க, அந்தப் பகுதியைத்தான் எல்லாரும் சுருக்கிடறாங்க. ஒவ்வொரு ஸ்க்ரீனையும் படத்தோட, கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாத பெரியவங்களும் பாத்து செய்யற மாதிரி இருக்கணும்.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்