எந்த முகவரிக்கு அனுப்புவது?

ஸ்காபுறோ,
ஒக்டோபர் 14, 2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். முழங்கால் முன்பு போலத்தான் இருக்கிறது. நேற்று நன்றி நவிலல் நாள் என்று தங்கையும் மாப்பிள்ளையும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நீ பேசுவாய் என்று இரவு பத்தரை மணிவரை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். உங்கள் ஊரில் அப்போது எட்டரைதானே.

வியாழக்கிழமை தங்கை வேலை விஷயமாகக் கல்கரி வருகிறாள். இதை அவள் கையில் கொடுத்து விடுகிறேன். தபாலில் போடலாம் என்றால் வேலைநிறுத்தம் இன்னும் தீரவில்லை. ஒவ்வோர் ஊராக நிறுத்துகிறார்கள். அதோடு, உறையின் மேல் எந்த முகவரியை எழுதுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

பேத்தியின் ஹாலோவீன் உடுப்பைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆடி மாதம் பேசியபோது, "அப்பம்மா, இந்த முறை நான் வௌவால்" என்று சொன்னாள். கடையில் விற்கும் மெல்லிய துணி உடுப்பு உங்கள் ஊர்க் குளிருக்கு உதவாது. அதனால் அப்பாவின் கறுப்புக் குடையை எடுத்தேன். கைப்பிடி உடைந்து அலுமாரிக்குப் பின்னால் கிடந்ததே, அதுதான். எட்டுக் கம்பி, நடுவால் பிரித்தால் பக்கத்துக்கு நான்கு. குடைத்துணியின் விளிம்பு கம்பிக்குக் கம்பி உள்வளைந்து நிற்பதால், வெட்டியதும் வௌவால் இறக்கை தானாகவே அமைந்துவிட்டது. கம்பி முனைகளைத் திருகி எடுத்துவிட்டுத் துணிநாடா சுற்றித் தைத்திருக்கிறேன், கண்ணில் கையில் குத்தாது. கையைத் தூக்கினால் விரியும், இறக்கினால் மடியும். தோளில் இணைக்கும் இடம் மட்டும் பாக்கி. குளிர்ச்சட்டைக்கு மேல் போட வேண்டும் என்பதால் அந்தச் சட்டையோடு தோளளவு, கையளவு எடுத்து அனுப்பு. சட்டை எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கேயே அளந்து அனுப்பச் சொல்.

ஆவணியில் அவள் பிறந்தநாளுக்கு அனுப்பிய பொதி திரும்பி வந்துவிட்டது. செப்டெம்பர் 8ஆம் திகதி. வேலைநிறுத்தம் செப்டெம்பர் 25இல்தான் தொடங்கியது. ஆகவே அதன் மேல் பழி போட முடியாது. இப்போது அந்த வீட்டில் இல்லை என்று மேலே ஒட்டி அனுப்பியிருந்தார்கள். பச்சைச் சட்டை மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கிறது. இனி அது அவளுக்குச் சிறிதாகிவிடும்.

வீடு மாறினால் சொல்லாமல் இருக்கமாட்டாய். நீ அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. பனிக்கால டயர் மாற்றிவிட்டாயா? உங்கள் ஊரில் ஒக்டோபரிலேயே கொட்டிவிடும்.

இங்கே கட்டடம் முழுவதும் கலகலப்பாக இருக்கிறது. கீழே பார்ட்டி அறையில் சனி, ஞாயிறு பிள்ளைகளை வைத்துக் கைவேலை செய்கிறோம். கறுப்புத் தாளில் காது குடையும் பஞ்சுக் குச்சிகளை ஒட்டி எலும்புக்கூடு. முட்டைப் பெட்டியில் மும்மூன்று குழிகளாக வெட்டிக் கறுப்பு பூசினால், நடுக்குழி உடம்பு, இரண்டு பக்கமும் இறக்கை, ஒரு வௌவால். கழிவறைத் தாள் சுற்றிய உருளைக்கு வெள்ளைத் துணி சுற்றி மம்மி. நம் முதியோர் குழுப் பெண்கள் ஏழு பேர் வருகிறோம். ஆரம்பத்தில் "பேய் பிசாசை வீட்டுக்குள் கொண்டு வருவதா" என்று முகம் சுளித்தவர்கள் இப்போது எலும்புகளை எண்ணிச் சரிபார்க்கிறார்கள்.

ஒன்பதாம் மாடி அயர்லாந்து ஆச்சியும் வருகிறார். இந்த விழா அவருடைய நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததுதானே. கோடை முடிந்து இருட்காலம் தொடங்கும் இரவை அவர்களின் முன்னோர் சவின் என்று கொண்டாடினார்களாம். அன்று செத்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்பது நம்பிக்கை. நமக்கு மாளயம் போல என்று நான் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே பூசணிக்காய் கிடையாது, டர்னிப் கிழங்கைத்தான் குடைவார்களாம். கரண்டியால் குடைந்து குடைந்து உள்ளங்கை கொப்பளித்துவிடும், மெழுகுதிரி சூட்டில் கிழங்கு கருகும் மணம் வீடு முழுக்க நிற்கும் என்று சொன்னார். அமெரிக்கா வந்த பிறகுதான் பெரிய, மென்மையான பூசணிக்காய் கையில் கிடைத்தது. அன்று சுடும் பழ ரொட்டிக்குள் ஒரு மோதிரத்தை வைப்பார்களாம், யார் துண்டில் அகப்படுகிறதோ அவருக்கு அந்த ஆண்டு கல்யாணம். அவருடைய துண்டில் மூன்று ஆண்டு தொடர்ந்து வந்ததாம். மனிதர் பதினோரு ஆண்டு மட்டுமே கூட இருந்தார், பிறகு போய்விட்டார் என்றார். செத்துப் போனாரா, விட்டுப் போனாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பூசணிக்காய் வெட்ட எனக்குக் கற்றுத் தந்தது நீ. மூடியைச் சரிவாக வெட்ட வேண்டும், நேராக வெட்டினால் உள்ளே விழுந்துவிடும் என்று ஏழு வயதில் எனக்குப் பாடம் நடத்தினாய். அதையே இன்று நான் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். விதையைக் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி வறுத்துத் தருகிறேன். ஒரு தட்டு பத்து நிமிடம் தாங்காது. வெட்டிய காய்கள் நவம்பர் 1ஆம் திகதி மாலை பூங்காவுக்குப் போகும். 2004இல் சொரோரன் பூங்காவில் தொடங்கிய பழக்கம் இப்போது நகரமெங்கும் பரவிவிட்டது. எல்லா வீட்டுப் பூசணிக்காய்களையும் வரிசையாக வைத்து இன்னோர் இரவு விளக்கேற்றிப் பார்க்கிறோம். மறுநாள் மாநகரசபை உரத்துக்கு அள்ளிப்போகும். நமக்கும் ஒரு நல்ல காய் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒரு பையன் வயலின் கொண்டு வந்தான். எனக்கு உன் நினைவுதான். எட்டாம் வகுப்பில் சென்-சான்ஸ் எழுதிய எலும்புக்கூடு நடனம் வாசித்தாயே. 1874இல் எழுதியது என்று நீதான் சொன்னாய். வீட்டில் பழகும்போது மேல்தந்தியை அரைச்சுரம் இறக்கி வைத்திருந்தாய். சுருதி கெடுகிறது, ஏன் இறக்கினாய் என்று நான் சத்தம் போட்டேன். அப்படித்தான் எழுதியிருக்கிறது, சாவு வந்து வயலின் வாசிக்கிறது அம்மா, அதன் வயலின் அப்படித்தான் இருக்கும் என்றாய். மேடையில் நீ அந்தத் தந்தியை இழுத்தபோது மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பின்னால் சைலஃபோன் எலும்பு போலக் கலகலத்தது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் என் பிள்ளை என்று சொன்னேன். உன்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை, தொப்பி போடு என்று மட்டும் சொன்னேன். அந்த வயலின் உன்னிடம் இருக்கிறதா? அன்றிரவு பிள்ளைக்கு வாசித்துக் காட்டு. அவள் அன்று உன்னோடு இருந்தால்.

ஆண்டுதோறும் படம் அனுப்புவாய். 2020இல் கொரோனாவால் இங்கே பிள்ளைகள் இனிப்புக் கேட்டு வீடு வீடாகப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டு மருமகள் பின்னிய பூசணித் தொப்பியோடு பேத்தி இருக்கும் படம் வந்தது, நீங்கள் மூவரும் அதில் இருந்தீர்கள். சென்ற ஆண்டு தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. பட்டுப்பாவாடையும் சூனியக்காரித் தொப்பியுமாக அவள் நின்றாள், பக்கத்தில் நீ. மருமகள் படம் எடுத்திருப்பாள் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் பேசாமல் பாத்திரம் கழுவினாள். அப்பாவின் திவசத்துக்குத் தனியாக வந்தாய். மருமகளுக்கு வேலை என்றாய். சரி என்றேன். சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாய். நேரத்துக்குச் சாப்பிடு தம்பி. டயரையும் மாற்றிவிடு.

தங்கையிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டிவரும். ஒரு பிள்ளையைப் பொய்க்குள் இழுத்துவிட்டது போதும்.

1998ஆம் ஆண்டு ஹாலோவீன் ஒரு சனிக்கிழமை. உனக்கு எட்டு வயது. அப்பா மொன்றியலில் வேலை செய்கிறார், வார இறுதியில் வந்து உன்னைக் கூட்டிப்போவார் என்று சொல்லியிருந்தேன். அப்பா மொன்றியலுக்குப் போகவே இல்லை. மார்க்கம் வீதியில், பஸ்ஸில் இருபது நிமிடத்தில், ஒரு நண்பரின் நிலவறையில் இருந்தார். நான்தான் போகச் சொன்னேன். செப்டெம்பரிலிருந்து மார்ச்சு வரை. அந்தச் சிவப்புச் சூட்கேஸ் ஏன் வீட்டில் இல்லை என்று நீ கேட்டதும், நான் அடித்ததும் நினைவிருக்கிறதா?

நீ பள்ளியில் வெட்டிய பேப்பர் பூசணிக்காயை வாசற்கதவில் ஒட்டியிருந்தாய். நம் கட்டடத்தில் அதுதான் அடையாளம். படம் இருக்கும் கதவைத்தான் பிள்ளைகள் தட்டுவார்கள். பின்னேரம் நீ எலும்புக்கூடு உடுப்பு மாற்றும்போது நான் கதவைத் திறந்து அதைக் கிழித்து எடுத்துவிட்டேன். பிள்ளைகளோடு தாய்மார் வருவார்கள், நம் ஆட்கள் வருவார்கள், எங்கே அவர் என்று எட்டிப் பார்ப்பார்கள் என்று பயம். நீ இனிப்புக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தாய். வெளியே மற்றக் கதவுகளைத் தட்டும் சத்தம் கேட்கிறது. நம் கதவை ஒருவரும் தட்டவில்லை. ஏன் அம்மா என்று கேட்டாய். நம் மாடிக்கு வரமாட்டார்கள் என்றேன். அப்பா வந்துகொண்டிருப்பார் என்று நீ எனக்கு ஆறுதல் சொன்னாய். பள்ளியில் தந்த, யுனிசெஃபுக்குக் காசு சேர்க்கும் ஒரேஞ்சு உண்டியல் கழுத்தில் தொங்க, அந்த உடுப்போடேயே நித்திரையாகிவிட்டாய். உண்டியல் வெறுமை. திங்கட்கிழமை நீ வெட்கப்படக் கூடாது என்று என் பஸ் சில்லறையை அதற்குள் போட்டேன். அன்று வேலைக்கு நடந்து போனேன். அது பெரிய பரிகாரம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரவு அப்பா கட்டடத்தின் கீழே வந்து நின்றார். கதவு மணியை அடித்தார். நான் திறக்கவில்லை. உன்னிடம் அவர் வரவில்லை என்று சொன்னேன். நீ அதன் பிறகு அவரோடு பேசுவதைக் குறைத்தாய். அவர் கடைசிவரை ஏன் என்று சொல்லிக்கொள்ளவில்லை, என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் இருந்தபோதாவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில்தான் இருந்தாய். வாய் வரவில்லை.

இதை உன் தங்கைக்கும் இன்னும் சொல்லவில்லை. உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று உறையை ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

உடுப்பை 24ஆம் திகதிக்கு முன் அனுப்பினால்தான் நேரத்துக்கு வந்து சேரும், கூரியரில் போடுகிறேன். முகவரி ஒன்று என்றால் ஒன்றை எழுது. இரண்டு என்றால் இரண்டையும் எழுது. பிள்ளை அன்று எங்கே நிற்பாளோ அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வை. மருமகளுக்கு ஒரு போத்தல் மிளகாய்த்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறேன், அதுவும் அவள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

தோளளவு குளிர்ச்சட்டைக்கு மேல். மறந்துவிடாதே.

அம்மா