மூச்சைக் கவனிப்பது மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்வு முடிவு வரும் நாட்களில் "தியானம் செய், மனசு சரியாகிவிடும்" என்று பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்கிறோம். எப்படிச் செய்வது என்று யாரும் சொல்வதில்லை.

பாதங்கள் தரையில் படும்படி நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு போய்வருவதை 5 நிமிடம் கவனித்தால் போதும். இழுத்துப் பிடிக்க வேண்டாம். நினைப்பு எங்கோ ஓடும். ஓடியதைக் கண்டுகொண்டு திரும்புவதுதான் பயிற்சியே. இது புரியாமல், நினைப்பே வரக்கூடாது என்று மல்லுக்கட்டுகிறவர்கள்தான் சீக்கிரம் சலித்து விட்டுவிடுகிறார்கள். கண்ணை மூடினால் பதற்றம் கூடுகிறதா? திறந்தபடியே, பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிக்கலாம். அப்போதும் அடங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். இதை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து.

தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். "செத்துப்போகலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள்.

போலீஸ் கேஸாகும் என்று பயந்து தற்கொலை முயற்சியை மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

– மனநல ஆலோசகர்கள், திருச்சி