கேட்டவளைத் தேடாதீர்கள்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை, பள்ளிக் கல்வித் துறை அமைச்சர்களுக்கு,

வணக்கம். அரசு மகளிர் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை நான். பள்ளிகளில் பாலியல் கல்வி கேட்டு எழுதுகிறேன்.

தேசியக் குடும்ப நல ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. தமிழ்நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் தாயானவர்களும் கர்ப்பமாக இருந்தவர்களும் 2015–16இல் 5 சதவீதம், 2019–21இல் 6.3. எச்.ஐ.வி. பற்றி முழு விவரம் அறிந்த பெண்கள் 2019–21இல் நாடு முழுக்க 21.6 சதவீதம்தான். ஆணுறை அந்தத் தொற்றைத் தடுக்கும் என்று தெரிந்திருப்பதும் அந்த விவரத்தில் சேர்த்தி. அதை ஆய்வுக்காரர்கள் 15 வயதுப் பிள்ளையிடம் வீடு தேடிப் போய்க் கேட்கலாம். வகுப்பில் விடை சொல்ல மட்டும் எங்களுக்கு வாய்ப்பூட்டு.

சென்ற மாதம், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் எங்கள் பள்ளிக்கு வந்தார். 'ஆணுறை' என்ற சொல் வரக்கூடாது என்று அவரிடம் முன்பே சொல்லிவிட்டார்கள். பாவம், இரும்புச்சத்து மாத்திரை, கை கழுவுதல் என்று முக்கால் மணி நேரம் ஓட்டினார்.

பெயர் எழுதாமல் சந்தேகம் கேட்க, பழைய சாக்பீஸ் டப்பா ஒன்று வைத்திருந்தேன். அதில் ஒரு சீட்டு. பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதியது: 'ஒரு தடவைன்னா குழந்தை உண்டாகாதாமே, நெஜமா மிஸ்?'

'உண்டாகலாம்' என்ற ஒரு சொல் போதும். ஆனால் அன்று மாலை, எழுதியவளைக் கண்டுபிடிக்க, ஆசிரியர் அறைக்குப் பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள் கட்டுக்கட்டாக வந்தன. சீட்டிலிருந்த 'ழ'வோடு நோட்டிலிருந்த 'ழ'வை ஒப்பிட்டு இரண்டு மணி நேரம் தேடினார்கள். பரீட்சைத் தாளை இத்தனை கருத்தாக யாரும் திருத்தி நான் பார்த்ததில்லை. ஆள் அகப்படவில்லை. அதற்குப் பிறகு டப்பாவில் ஒரு சீட்டும் விழவில்லை.

எங்கள் கோரிக்கை சிறியது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பருவத்துக்கு இரண்டு பாடவேளை, பயிற்சி பெற்ற செவிலியரோ ஆலோசகரோ தடையில்லாமல் பேசட்டும். ஆண்கள் பள்ளிகளிலும்தான். வளரிளம் பருவத்தினர் நலனுக்கென்று ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்று 2014இல் ஒரு மத்திய அரசுத் திட்டம் வந்தது. பெயரைச் சொல்வதற்குள் நாக்கு சுளுக்குகிறது. எங்கள் பள்ளிக்கு அதில் வந்தது ஒரு சுவரொட்டி, அதுவும் இப்போது பீரோவுக்குப் பின்னால். நாப்கின் தருகிறீர்கள், நன்றி. அது எதற்கென்று உரக்கச் சொன்னால் பண்பாடு கெட்டுவிடும்போல. பாடப்புத்தகத்தில் இருக்கும் இனப்பெருக்கப் பாடமே 'வீட்டில் படிச்சுக்கோங்க' என்றுதான் நடக்கிறது.

மன்னிக்கவும், கோபத்தில் நீண்டுவிட்டது. பருவத்துக்கு இரண்டு பாடவேளை. கேள்வி கேட்டவர் யாரென்று தேடக்கூடாது என்று ஒரு வரி. இவற்றைச் சுற்றறிக்கையாக அனுப்பப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

பி.கு.: மடலைத் தட்டச்சு செய்தே அனுப்புகிறேன். 'ழ'வை ஒப்பிட வழியில்லை.