சாந்திபுரம் வழியாக லா பாஸ்: எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, உப தலைவி அவர்களே, பொருளாளர் அவர்களே, இந்த நுவரெலியாக் குளிரிலும் போர்வையை விட்டு எழுந்து வந்திருக்கும் அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தோம். அதை நிறைவேற்றவில்லை. அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்வதுதான் நியாயம். வட்டத்தின் சார்பில் தமிழ்நாட்டுக்கு ஒரு சுற்றுலா போவதென்று முடிவெடுத்திருந்தோம். மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று பட்டியல்கூடப் போட்டாயிற்று. பிறகு ஒருவர் விமான டிக்கட் விலையை விசாரித்துக்கொண்டு வந்தார். பட்டியல் யாழ்ப்பாணமாகச் சுருங்கியது. அப்புறம் பஸ் வாடகையை விசாரித்தோம். யாழ்ப்பாணமும் போயிற்று. பெப்ரவரி மாதச் செயற்குழுக் கூட்டத்தில் எல்லோரும் பிளேன்டீயைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தபோது, நமது மூத்த அங்கத்தவரும் ஓய்வுபெற்ற தபால் ஊழியருமான ஐயா, "வெளியூர் போகக் காசில்லாட்டி உள்ளூரையே வெளியூராக்கிருவோம்" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். வேறு யோசனை யாரிடமும் இல்லாததால் அதுவே தீர்மானமாகிவிட்டது.

விதிகளை உப தலைவி எழுதினார். அவர் ஆசிரியை என்பதால் விதிகள் கொஞ்சம் கடுமைதான். நுவரெலியாவின் ஒவ்வொரு பகுதியும் ஒரு தூர தேசத்து நகரம். அங்கே நடந்து போகலாம், அல்லது எல்லோரும் போகிற பஸ்ஸில் போகலாம். போகிறவர் அந்த இடத்தில் முதல் தடவை கால் வைப்பவர். "எனக்குத் தெரியும்" என்று சொன்னால் ஐம்பது ரூபாய் அபராதம். அந்தப் பகுதியில் குடியிருக்கும் அங்கத்தவர்தான் அந்த நாட்டுப் பிரஜை, கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொல்ல வேண்டும். கடவுச்சீட்டாக ஆளுக்கொரு நாற்பது பக்கக் கொப்பி. முத்திரையை உருளைக்கிழங்கில் வெட்டிக்கொண்டோம். கிழங்கு விளையும் ஊரில் இறப்பர் முத்திரைக்குக் காசு கொடுப்பது அநியாயம் என்று பொருளாளர் சொல்லிவிட்டார்.

மார்ச் மாதம் பிளக்பூல் போனோம். அதற்குப் பெயர் தேட வேண்டிய வேலைகூட இருக்கவில்லை. நானுஓயா வீதியில் நமது பிளக்பூல் இருப்பதுபோல இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையிலும் ஒரு பிளக்பூல் இருக்கிறது. அங்கே 158 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் உண்டு, அதைத் திறந்தது 1894இல். நமது டவுனின் செங்கல் தபாலகத்தைக் கட்டியதும் அதே 1894இல். சந்தியில் இறங்கியதும் ஓர் அங்கத்தவரின் ஆறு வயது மகன் "கடல் எங்க?" என்று கேட்டான். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்தை மூடிக்கொண்டு பனிமூட்டம் வந்தது. அவனுடைய அப்பா அதைக் காட்டினார். பையன் நம்பவில்லை. அவன் அபராதமில்லாத வெளிநாட்டவன், கண்ணில் பட்டதைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா டவுனுக்குள்ளேயே ஒரு குட்டி ரயில் வந்த கதையைத் தபால் ஐயா அன்றைக்குத்தான் சொன்னார். 1903இல் நுவரெலியாவுக்கு வந்த அந்தக் குறுகிய பாதை, பிறகு கந்தப்பளை வழியாக இராகலை வரைக்கும் நீண்டு, பிற்காலத்தில் மூடப்பட்டது. அவருடைய அப்பா சின்ன வயதில் அதன் பின்னாலேயே ஓடியிருக்கிறாராம். நம்மில் பாதிப் பேருக்கு அது புதுச்செய்தி. இரண்டு பேர் "எனக்குத் தெரியும்" என்று சொல்லி நூறு ரூபாய் கட்டினார்கள்.

ஏப்ரலில் பயணம் இல்லை. சீசனில் ஊரே வெளியூர்க்காரர் கையில் இருந்தது. மே மாதம் கிரகறி வாவியை ஜெனீவா ஆக்கினோம். ஜெனீவா என்றால் இந்த நாட்டில் யாருக்கும் ஏரி ஞாபகத்துக்கு வராது, ஐ.நா. மனித உரிமைப் பேரவை அரசியல்தான் வரும் என்பதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும். வாவிக்கரையில் ஒரு மணிநேரம் அதே வாக்குவாதம். ஆளுநர் வில்லியம் கிரகறியின் காலத்தில், 1873இல் உண்டாக்கிய வாவி என்பதற்கு மேல் எனது குறிப்பேட்டில் ஒன்றும் இல்லை. அவித்த சோளம் நன்றாக இருந்தது.

ஜூலை மாதப் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். இலங்கையின் மிக உயரமான கிராமம் என்று நாம் பெருமையடிக்கும் சாந்திபுரத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு கூட்டங்களில் பேசினோம். உப தலைவி உலகப்படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து மேசையில் விரித்து, பொலிவியாவில் விரலை வைத்தார். லா பாஸ். ஸ்பானிய மொழியில் அதற்குச் சமாதானம் என்று பொருள். 1548இல் சமாதான மாதாவின் பெயரில் ஸ்பானியர் அமைத்த நகரம். அப்படியென்றால் லா பாஸைத் தமிழில் எழுதினால் சாந்திபுரம்தான்! அதற்குப் பிறகு விவாதம் தேவைப்படவில்லை. நமது சாந்திபுரம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்குச் சற்று மேலே, லா பாஸ் ஏறக்குறைய 3,600 மீட்டர் என்பதை மட்டும் பெருமையடிப்பவர்கள் கவனத்தில் வைத்துக்கொண்டால் நல்லது.

பொருத்தம் பெயரோடு நிற்கவில்லை. நாம் முத்திரை குத்தும் கிழங்கின் தாய்வீடே அந்தப் பக்கம்தான். டிட்டிக்காக்கா ஏரியைச் சுற்றியுள்ள அண்டீஸ் மேட்டுநிலத்தில் பல ஆயிரம் வருடங்களாக உருளைக்கிழங்கு பயிரிடுகிறார்கள். அங்கே கிழங்கை இராத்திரி உறைபனியில் பரப்பி வைத்து, பகலில் காலால் மிதித்து நீரை எடுத்து வெயிலில் காயவைக்கிறார்கள். சுன்யோ என்று பெயர். அது வருடக்கணக்கில் கெடாது. இந்தத் தகவலை உப தலைவி, லா பாஸ் பிரஜையாக அன்று எங்களை வரவேற்ற அங்கத்தவரின் கணவரிடம் சொன்னார். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். தை, மாசியில் பனி விழுந்தால் ஒரே இராத்திரியில் பயிர் கருகிப்போகும் ஊர் இது. "நமக்குப் பயிரைக் கருக்குற பனி அவங்களுக்குக் கெழங்கைக் காயவச்சுக் குடுக்குதா? சரிதான், மாமியார் வீட்டுல ஒரு மாதிரி, அம்மா வீட்டுல ஒரு மாதிரி" என்றார்.

அவரிடம் நான் இருபது வருடமாகக் கிழங்கு வாங்குகிறேன். விலையைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை. அன்றைக்கு வெளிநாட்டவன் என்பதால் கேட்டேன். விதைக்கிழங்கு எங்கிருந்து வருகிறது, முளைவிட எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், மழை தொடர்ந்து பெய்தால் ஏன் விடிவதற்கு முன்பே இலையைப் புரட்டிப் பார்க்கிறீர்கள், அறுவடை நேரத்தில் இறக்குமதிக் கிழங்கு சந்தைக்கு வந்தால் என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை, எங்களைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். சொந்த ஊரில் கேள்வி கேட்க வெட்கமாக இருக்கிறது என்பது என்னுடைய முடிவு. தெரியாது என்று காட்டிக்கொண்டால் இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். கிழங்கு முத்திரை குத்திய நாற்பது பக்கக் கொப்பி அந்த வெட்கத்தைத் தீர்த்துவைத்தது.

செப்டெம்பரில் எடின்பரோ. நமது மாவட்டத்தில் ஸ்கொட்லாந்துக்குப் பஞ்சமில்லை. நானுஓயாவில் எடின்பரோ, அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ, தலவாக்கலையில் ஹோலிரூட், பூண்டுலோயாவில் டன்சினன். தேயிலைத் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் தொரைமார் தங்கள் ஊர் ஞாபகத்தை மலைக்கு மலை பெயராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் விளையாட்டாகச் செய்வதை அவர்கள் பத்திரம் எழுதிச் செய்தார்கள்.

நானுஓயா அங்கத்தவர் எங்களைத் தன் பாட்டியிடம் கூட்டிக்கொண்டு போனார். கொழுந்து எடுத்து ஓய்ந்த கை, வாய் ஓயவில்லை. விதிப்படி, "பாட்டி, இந்த ஊர் பேர் என்ன?" என்று கேட்டோம்.

"கடுதாசியில எடின்பரோ. அது தொரை ஊரு. எங்க ஊரு துறையூரு" என்றார்.

ஒரே வார்த்தையை இரண்டு தடவை சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். பேரன் விளக்கினார். பாட்டியின் தாத்தா திருச்சிப் பக்கத்துத் துறையூரிலிருந்து வந்தவர். பாட்டி துறையூரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் இருக்கும் கோயிலில் வருடாவருடம் காமன் கூத்து நடக்கும்போது, துறையூரில் இதை எப்படிச் செய்வார்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர்தான். அவர் சொன்ன பெயர்களில் எடின்பரோ வரவேயில்லை. கோயில் மலை, பாலத்து மலை, கல்லுமலை. எதுவும் எந்தப் படத்திலும் இல்லை.

அவருடைய அக்கா 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போனவர்களில் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலை மலையிலேயே வேலைக்குச் சேர்ந்தாராம். இங்கே இந்தியாக்காரி, அங்கே சிலோன்காரி. அக்கா எழுதிய கடிதங்களில் நுவரெலியாவின் குளிரையும் நானுஓயா ஸ்டேசனையும் பற்றித்தான் அதிகம் இருந்தது என்றார் பாட்டி. கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு இந்த லயத்தைத் தூர தேசமாக நினைத்துப் பார்த்த ஒருத்தி நமக்கு முன்பே இருந்திருக்கிறாள்.

தபால் ஐயா அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் நானுஓயாவில வேலை செஞ்ச காலத்தில எடின்பரோன்னு எழுதின கடிதம் எத்தனையோ பிரிச்சிருக்கேன். லயத்துக்கு இலக்கம் கிடையாது, ரோட்டுப் பேர் கிடையாது. தோட்டத்துப் பையில போட்டா என் வேலை முடிஞ்சுது. இந்தப் படியில இன்னைக்குத்தான் ஏறுறேன்." பாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப எங்க அக்கா கையெழுத்து உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார். எடின்பரோ என்று வெட்டிக்கொண்டு போயிருந்த கிழங்கை அன்றைக்கு யாரும் வெளியே எடுக்கவில்லை. கொப்பியில் துறையூர் என்று பேனையால் எழுதிக்கொண்டோம்.

நவம்பரில் விக்டோரியா பூங்காவை ஸ்ரீநகர் ஆக்கினோம். விக்டோரியா மகாராணியின் 1897ஆம் ஆண்டு வைர விழாவின் பெயரால் அமைந்த பூங்காவுக்குக் காஷ்மீரோடு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், ஓடைக்கரையில் பெரிய கமராக்களோடு குந்தியிருக்கும் வெளிநாட்டவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற சின்னக் குருவி அங்கே குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தைக் கழிக்க நமது மலைகளுக்கு வருகிறது. ஆண் குருவிக்குக் கழுத்தும் நெஞ்சும் செம்பழுப்பு, ஓரத்தில் கறுப்பு. அதைப் பார்க்கக் கடல் கடந்து வருகிறார்கள். நாமோ அந்தப் பூங்காவைக் கல்யாணப் படம் எடுக்கும் இடம் என்று மட்டும் நினைத்திருந்தோம். பதினேழு பேரில் குருவியைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். நான் வாலைப் பார்த்தேன். தபால் ஐயாவின் விருப்பப்படி விடியற்காலையிலேயே போய், ஆறுமணிக்குருவியின் குரலை வேலிக்கு வெளியே நின்று கேட்டோம். அதுவும் இந்தியாவிலிருந்து வந்து போகிற பறவைதான் என்று அவர் சொன்னார்.

அதுவே அவருடைய கடைசிப் பயணம். டிசம்பரில் அவர் காலமானார். அன்னாரின் குடும்பத்தாருக்கு வட்டத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள். அவருடைய கடவுச்சீட்டுக் கொப்பியை மகள் நம்மிடம் தந்திருக்கிறார். முத்திரைகளுக்குப் பின்னால் இருபத்தாறு பக்கங்களில், எந்த விலாசத்திலும் எழுதப்படாத இடப்பெயர்களை அவர் எழுதி வைத்திருக்கிறார். சிலவற்றின் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கிறது. இப்போது எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருப்போம்.

நன்றி, அமருங்கள்.

மற்ற விடயங்கள். ஒரு பழைய கட்டடத்தின் உள்ளே பார்க்க அனுமதி கேட்டு இரண்டு கடிதங்கள் அனுப்பினோம், பதில் இல்லை. உண்மையான வெளிநாட்டவர் கேட்டிருந்தால் கதவு திறந்திருக்கும் என்பது எனது சொந்த அபிப்பிராயம். இதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று தலைவர் சொன்னார், சேர்த்துவிட்டேன். வாசகர் வட்டத்தின் வேலை வாசிப்பதா, சுற்றுவதா என்று கேட்டு ஓர் அங்கத்தவர் எழுத்தில் முறைப்பாடு தந்திருக்கிறார். முறைப்பாடு சரி. இந்த ஆண்டு நான்கு புத்தகங்களைப் பற்றித்தான் பேசினோம், அதில் ஒன்றை நானே முழுதாக வாசிக்கவில்லை. மூன் பிளேன்ஸ் என்ற நமது மேட்டுப் புல்வெளி நகரமா, இல்லையா, நிலாவை வெளியூராகக் கணக்கில் எடுக்கலாமா என்ற விவாதம் முடியாமல் ஒத்திவைக்கப்பட்டது. ஆண்டில் ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், ஆறு பேர் பயணத்தில் பிடிபட்டவர்கள். அபராதமாகச் சேர்ந்தது அறுநூற்றைம்பது ரூபாய், இருநூறு என்னுடையது. மீதிக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

தேநீர் தந்த வீடுகளுக்கும், சாந்திபுரத்துக்கு மழையில் நனைந்து வந்த எங்களைச் சேற்றுக்காலோடு ஏற்றிக்கொண்ட பஸ் நடத்துனருக்கும், நானுஓயாப் பாட்டிக்கும் நன்றி. தபால் ஐயாவின் கேள்விக்குறிகளில் ஏழு, ஹாவாஎலியப் பக்கத்து இடங்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, அங்கே போகிறோம். எந்த நகரம் என்பதைக் கூட்டம் முடிந்ததும் வாக்கெடுப்பில் தீர்மானிக்கலாம். வரும்போது ஆளுக்கொரு கிழங்கு கொண்டுவரவும். கறிக்கு உதவுகிற கிழங்கு வேண்டாம், முளைவிட்டது போதும்.