இங்கிலாந்தின் சிற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். இங்கிலாந்தின் சிற்றூர்களில் குடியிருந்து, அங்குள்ள முதியோர் இல்லங்களிலும் பக்கத்து நகர மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கிற, அல்லது ஊரின் ஒரே கடையையும் அஞ்சலகத்தையும் பெட்ரோல் நிலையத்தையும் நடத்திவருகிற நம்மவர்களுக்கு இதை எழுதுகிறேன். லண்டனில் ஹாரோ, நியூஹாம் போன்ற பகுதிகளில் தமிழர்கள் கவுன்சிலர்களாக இருந்திருக்கிறார்கள். அங்கே உள்ளாட்சி நமக்குப் புதிதல்ல. சிற்றூர்களில் நிலைமை வேறு. பிள்ளைகளின் பள்ளி, வேலை, வீட்டுக் கடன் என்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன; ஊருக்கென்று ஒரு பாரிஷ் கவுன்சில் இருப்பதையும், அது நம் பணத்தைச் செலவழிப்பதையும், நம் வாசலுக்கு எதிரே என்ன வரலாம் என்று கருத்துச் சொல்வதையும் நாம் கவனிப்பதே இல்லை. என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் ஊர் பாரிஷ் கவுன்சிலின் கூட்டங்களுக்குப் போகத் தொடங்குங்கள், அங்கே இடம் காலியாக இருந்தால், தகுதி உள்ளவர்கள் அதற்கு முன்வாருங்கள்.

பாரிஷ் கவுன்சில்கள் 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியவை. பாரிஷ் என்ற சொல்லைக் கேட்டு இது தேவாலயத்தைச் சேர்ந்த அமைப்பு என்று நினைத்து ஒதுங்கியிருப்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தச் சட்டமே ஊர் நிர்வாகத்தைத் தேவாலயத்தின் கையிலிருந்து எடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்திடம் ஒப்படைத்தது. இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 பாரிஷ் மற்றும் டவுன் கவுன்சில்கள் இருக்கின்றன. விளையாட்டுத் திடல், இடுகாடு, ஊர்மக்கள் காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் அலாட்மென்ட் நிலங்கள், பேருந்து நிழற்குடை, பல ஊர்களில் தெருவிளக்குகள் ஆகியவை இவற்றின் பொறுப்பு. இதற்கான பணம் நம் கவுன்சில் வரியோடு சேர்ந்தே போகிறது. ஆண்டுதோறும் மார்ச் மாதம் வரும் வரிச்சீட்டில் கவுன்ட்டி, மாவட்டம், காவல்துறை ஆகியவற்றுக்கான தொகைகளுக்குக் கீழே உங்கள் ஊரின் பெயரோடு ஒரு சிறு தொகை இருக்கும், அதுதான் பிரிசெப்ட். கவுன்ட்டியும் மாவட்டமும் வரியை ஒரு வரம்புக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். பாரிஷ் கவுன்சில்களுக்கு அரசு அப்படி ஒரு வரம்பை இதுவரை விதிக்கவில்லை. ஆகவே அந்தத் தொகையைக் கேள்வி கேட்க ஊர்மக்களைத் தவிர வேறு எவரும் கிடையாது. பெரும்பாலான ஊர்களில் டிசம்பர், ஜனவரி மாதக் கூட்டங்களில் அது முடிவாகிறது.

அந்தக் கூட்டங்களில் பொதுமக்களுக்கென்று போட்டிருக்கும் நாற்காலிகளில் எவரும் இருப்பதில்லை. கவுன்சிலர்களின் மேசையிலேயே இடங்கள் காலியாக இருக்கும் ஊர்களும் நிறைய உண்டு. தேர்தலில் இடங்களின் எண்ணிக்கைக்கு மேல் வேட்பாளர்கள் நிற்காவிட்டால் வாக்கெடுப்பே நடப்பதில்லை. மனுக் கொடுத்தவர்கள் அப்படியே கவுன்சிலர்கள் ஆகிவிடுகிறார்கள். மீதமுள்ள இடங்களுக்கு, விருப்பம் தெரிவிப்பவர்களிலிருந்து கவுன்சிலே ஆளைச் சேர்த்துக்கொள்கிறது. நடுவில் ஒருவர் விலகினாலும் இதே கதைதான்: அறிவிப்பு ஒட்டிய 14 வேலை நாட்களுக்குள் 10 வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் இடைத்தேர்தல் நடக்கும், இல்லையென்றால் கவுன்சிலே நிரப்பிக்கொள்ளும். இதை அவர்கள் மீதான குறையாகச் சொல்லவில்லை. பெரும்பாலும் ஊதியமே இல்லாமல், வேலை முடிந்து வந்த களைப்போடு, சாக்கடை அடைப்பையும் உடைந்த ஊஞ்சலையும் பற்றி இரவு பத்து மணி வரை பேசுகிறவர்கள் அவர்கள். ஆனால் முன்வருகிறவர்கள் எப்போதும் ஒரே வகையினராக, ஓய்வு பெற்றவர்களாகவும் ஊரில் நெடுங்காலம் வீடு வைத்திருப்பவர்களாகவும் இருந்தால், அவர்கள் கண்ணில் படாதது கவுன்சிலின் கண்ணிலும் படாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நான் வாழும் ஊரில் பேருந்து நிறுத்தம் பிரதான சாலையில் இருக்கிறது; முதியோர் இல்லம் ஊரின் மறுகோடியில். இரண்டுக்கும் இடையில் ஒரு பகுதியில் நடைபாதை கிடையாது. இரவுப் பணிக்கு வருகிற பெண்கள், அவர்களில் நம்மவர்களும் மலையாளிகளும் ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்களும் உண்டு, கைபேசி வெளிச்சத்தில் புல்லோரமாக நடந்து, கார் வரும்போதெல்லாம் முள்வேலிப் புதரோடு ஒட்டி நின்று, அது கடந்த பிறகு மறுபடி நடப்பார்கள். நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற நாட்டில் இது எவ்வளவு ஆபத்தானது என்று விளக்க வேண்டியதில்லை. கவுன்சிலின் பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. யாரும் மறைக்கவில்லை. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் எவரும் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் நடந்ததில்லை, அவ்வளவுதான். அங்கே வேலை பார்க்கும் ஒரு சகோதரி கூட்டத்துக்கு வந்து, பொதுமக்களுக்குக் கொடுக்கும் மூன்று நிமிடங்களில், எந்த இடத்தில் புதர் சாலை மேல் நீண்டிருக்கிறது, எந்த வளைவில் கார்க்காரர்களுக்கு ஆள் தெரிவதில்லை என்று மட்டும் சொன்னார். கவுன்சிலின் அலுவலரான கிளார்க் குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் அது நிகழ்ச்சிநிரலில் ஒரு பொருளாக வந்தது. வேலியை வெட்டும்படி நில உரிமையாளருக்குக் கடிதம் போனது. நடைபாதை கேட்டுக் கவுன்ட்டிக்கு எழுதினார்கள். விளக்குச் செலவு வரவு செலவுத் திட்டத்தில் பேசப்படுகிறது. சாலைக்கு விளக்குப் போடும் அதிகாரம் பாரிஷ் கவுன்சிலுக்கு 1957 முதலே சட்டத்தில் இருக்கிறது. கேட்க ஆள் வேண்டும்.

‘நமக்கு அந்த உரிமை உண்டா, நாம் இந்நாட்டுக் குடிமக்கள் இல்லையே’ என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை காமன்வெல்த் நாடுகள். அந்நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இங்கே முறையான விசாவில் வாழ்ந்தால், அது பராமரிப்புப் பணியாளர் விசாவானாலும் மாணவர் விசாவானாலும், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து உள்ளாட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். வாக்குச்சாவடியில் காட்ட வேண்டிய படத்துடன் கூடிய அடையாளத்துக்கு உங்கள் இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டே போதும். வேட்பாளராக நிற்பதற்கு மட்டும் நிபந்தனை சற்றுக் கடுமையானது: பிரித்தானியக் குடியுரிமையோ காலவரையற்ற வதிவிட உரிமையோ வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து வழியாக இங்கே வந்து அந்நாட்டுக் கடவுச்சீட்டை வைத்திருக்கும் ஈழத்தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2020 டிசம்பர் 31-க்கு முன்பிருந்து இங்கே சட்டப்படி வாழ்ந்து வருகிறவர்களுக்கு உள்ளாட்சியில் வாக்களிக்கவும் நிற்கவும் உள்ள உரிமை தொடர்கிறது. அதன் பிறகு வந்தவர்களுக்கு, பிரித்தானியாவோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்ட சில நாடுகளின் குடிமக்களைத் தவிர, 2024 மே மாதம் முதல் அது இல்லை.

பாரிஷ் கவுன்சிலுக்கு நிற்க வைப்புத் தொகை கிடையாது, கட்சியும் வேண்டாம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். அந்தப் பாரிஷின் வாக்காளர்கள் இருவர், ஒருவர் முன்மொழிந்தும் மற்றவர் வழிமொழிந்தும், கையெழுத்திட வேண்டும். அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஓராண்டாக அதிலோ அதன் மூன்று மைல் தொலைவுக்குள்ளோ வசித்திருந்தாலும், உங்கள் முதன்மையான பணியிடம் அங்கே இருந்திருந்தாலும் போதும். கடை நடத்துகிறவர்கள் இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நகரத்திலிருந்து நாள்தோறும் வந்து காலை ஆறு மணிக்குக் கடை திறந்து, யாருடைய கணவர் மருத்துவமனையில் இருக்கிறார், எந்த மூதாட்டி இரண்டு நாளாகப் பால் வாங்க வரவில்லை என்பதெல்லாம் தெரிந்து வைத்திருக்கும் உங்களை விட அந்த ஊரை அறிந்தவர்கள் குறைவு.

தயக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை அறிவேன். அரசின் பட்டியலில் பெயர் இருப்பதே ஆபத்து என்று அனுபவத்தில் கண்டு புறப்பட்டு வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வாக்காளர் பட்டியலில் இரண்டு வடிவங்கள் உண்டு. யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கக்கூடிய திறந்த பட்டியலில் தன் பெயர் வேண்டாம் என்று எவரும் சொல்லலாம். அதனால் வாக்குரிமை பாதிக்கப்படாது. பாதுகாப்புக்கு உண்மையான அச்சுறுத்தல் இருப்பவர்கள், அதற்கான சான்றோடு, பெயர் வெளியிடாமலே பதிவு செய்யவும் வழி இருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராதே என்பது இன்னொரு தயக்கம். பாரிஷ் கூட்டத்தில் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை. எழுதி எடுத்துப்போய்ப் படிக்கலாம். முன்கூட்டியே கிளார்க்குக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம்.

செஷயரின் ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சில் இணையவழியில் கூடிய கூட்டத்தின் காணொளி ஒன்று 2021 பிப்ரவரியில் உலகமெங்கும் பரவியது. கவுன்சிலர்கள் ஒருவரையொருவர் கத்தித் தீர்த்த அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, பாரிஷ் கவுன்சில் என்றாலே சண்டை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அது விதிவிலக்கு. சாதாரணக் கூட்டத்தில் பத்துப் பேர் அமர்ந்து பில்களுக்கு ஒப்புதல் கொடுப்பதைத்தான் காண்பீர்கள். அதில் உட்கார்ந்திருக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பேசும் உரிமை மட்டும் அந்தந்தக் கவுன்சிலின் நடைமுறையைப் பொறுத்தது. பெரும்பாலான ஊர்களில் அதற்கென்று நேரம் ஒதுக்குகிறார்கள்.

எதை யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. சாலைக் குழி, பள்ளி, நூலகம் ஆகியவை கவுன்ட்டியின் பொறுப்பு. குப்பைத் தொட்டியும் கட்டட அனுமதியும் மாவட்டத்தின் பொறுப்பு. ஒருங்கிணைந்த ஒரே கவுன்சில் உள்ள பகுதிகளில் எல்லாம் அதனிடமே இருக்கும். கட்டட அனுமதியில் பாரிஷ் கவுன்சில் கருத்து மட்டுமே சொல்ல முடியும். முடிவு அதன் கையில் இல்லை. அந்தக் கருத்துக்கு எடை சேர்க்க விரும்பினால், ‘என் வீட்டு விலை குறையும்’, ‘சன்னல் வழியே தெரியும் காட்சி போய்விடும்’ என்று சொல்வதால் பயனில்லை. அவற்றைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. போக்குவரத்து நெரிசல், வெள்ள அபாயம், அண்டை வீட்டின் வெளிச்சமும் மறைவும் கெடுதல் ஆகியவற்றைச் சொல்லுங்கள். எங்கே என்ன கட்டலாம் என்று ஊரே வகுத்து, வாக்கெடுப்பில் நிறைவேறிய அண்டைப்பகுதித் திட்டம் உங்கள் ஊருக்கு இருந்தால், புதிய கட்டடங்கள் மீது வசூலாகும் உள்கட்டமைப்புத் தீர்வையில் 25 விழுக்காடு பாரிஷுக்கு வரும். இல்லையென்றால் 15 விழுக்காடுதான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. புதிய வீடுகள் பெருகும் ஊர்களில் இந்த வேறுபாடு சிறியதல்ல. (தீர்வை எல்லா மாவட்டங்களிலும் வசூலிக்கப்படுவதில்லை, முதலில் அதை விசாரியுங்கள்.)

தமிழ்நாட்டின் கிராம சபையை அறிந்தவர்களுக்கு ஆண்டுப் பாரிஷ் கூட்டம் எளிதில் பிடிபடும். மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில் ஒரு மாலையில் கூடும் அது கவுன்சிலின் கூட்டம் அன்று; ஊர் வாக்காளர்களின் கூட்டம். அங்கே நீங்கள் பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம். ஆறு வாக்காளர்கள் சேர்ந்தால் அப்படி ஒரு கூட்டத்தைத் தாங்களே கூட்டவும் முடியும். ஆறு பேருக்கு இன்னொரு வலிமையும் உண்டு: அலாட்மென்ட் நிலம் வேண்டும் என்று ஊரின் வாக்காளர்களோ வரி செலுத்துவோரோ ஆறு பேர் எழுதிக் கொடுத்தால், 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் அதைப் பரிசீலித்தாக வேண்டும். வீட்டுப் பின்புறத்தில் இடமின்றிச் சன்னலோரத் தொட்டியில் வெந்தயக்கீரை வளர்க்கும் குடும்பங்கள் பலவற்றை அறிவேன். கணக்கு வழக்கில் ஐயம் உள்ளவர்கள் ஆண்டுதோறும் 30 வேலை நாட்கள் கவுன்சிலின் கணக்கேடுகளையும் ரசீதுகளையும் நேரில் பார்க்கலாம். ஜூலையின் முதல் பத்து வேலை நாட்கள் அதில் கட்டாயம் அடங்கும்.

இவற்றையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2023 ஏப்ரலில் நார்த் யார்க்‌ஷயரிலும் சாமர்செட்டிலும் கம்பிரியாவிலும் மாவட்டக் கவுன்சில்கள் கலைக்கப்பட்டுப் பெரிய ஒருங்கிணைந்த கவுன்சில்கள் வந்தன. 2024 டிசம்பரில் வெளியான வெள்ளை அறிக்கையில், கவுன்ட்டியும் மாவட்டமும் தனித்தனியாக உள்ள எஞ்சிய இரண்டடுக்குப் பகுதிகளிலும் இதையே செய்யப்போவதாக அரசு அறிவித்தது. அதிகாரம் தொலைவுக்குப் போகப் போக, நடந்தே போய்ச் சேரக்கூடிய மன்றமாகப் பாரிஷ் மட்டுமே மிஞ்சும். மாவட்டத்தின் கையில் இருந்த பூங்காக்களும் பொதுக் கழிப்பறைகளும் பாரிஷ் கவுன்சிலின் தலையில் வந்து விழும்போது, எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது, அதற்காகப் பிரிசெப்டை எவ்வளவு உயர்த்துவது என்பதையெல்லாம் அந்தச் சிறு மேசைதான் முடிவு செய்யும். 2023 மே மாதம் தேர்தல் நடந்த பாரிஷ்களில் அடுத்த வழக்கமான தேர்தல் 2027 மே மாதம் வரவேண்டும். மறுசீரமைப்பால் சில பகுதிகளில் தேதி மாறக்கூடும் என்பதால் உங்கள் கிளார்க்கிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொங்கல் விழாவுக்கும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் ஊர் மண்டபத்தை வாடகைக்கு எடுக்கிறோம். அதே மண்டபத்தில் கவுன்சில் கூடும் நாள் எது என்று மண்டபத்து வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று முழு நாட்களுக்கு முன்பே நிகழ்ச்சிநிரலை ஒட்டியாக வேண்டும் என்பது சட்டம். முதல் முறை எதுவும் பேசாமல் கேட்டுவிட்டு வந்தாலும் போதும். வாக்காளர் பட்டியலில் இன்னும் சேராதவர்கள் இந்த வாரமே இணையத்தில் பதிவு செய்யுங்கள். உங்கள் ஊரில் இடம் காலியா என்று கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுத உதவி தேவைப்படுவோருக்கு எழுதிக் கொடுக்க நான் அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
சிற்றூர் ஒன்றில் வாழும் உங்களுள் ஒருவர்