கோமுவுக்கு, கருப்பட்டி வாங்கும் முன்

அன்புள்ள கோமு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சின்னவள் நர்சிங் சேர்ந்துவிட்டாள். சங்கரி அதே வீட்டில்தான், அதே சண்டையோடுதான். நலம் விசாரிப்பு இத்தோடு போதும், நீ போட்டிருக்கிற பயணத் திட்டத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலையில் மதுரையிலிருந்து கிளம்பி முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, அப்புறம் சாத்தூர், கோவில்பட்டி, தூத்துக்குடி, கடைசியில் உடன்குடி என்று எழுதியிருக்கிறாய். ஏட்டி, ஆனி மாச வெயிலில் இரண்டு நாள் டிக்கியில் கிடந்த பால்கோவாவையா உன் மாமியாருக்குக் கொடுக்கப் போகிறாய்? வரிசையைத் திருப்பிப் போடு. கெடாததை முதலில் வாங்கு, கெடுவதைக் கடைசியில் வாங்கு.

சனிக்கிழமை நாற்கரச் சாலையிலேயே வா: விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி. அங்கிருந்து எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி, பிறகு திருச்செந்தூர். சுமார் 200 கிலோமீட்டர். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டு. ராத்திரி திருச்செந்தூரில் தங்கல். ஞாயிற்றுக்கிழமை விடியலில் உடன்குடி. திரும்பும்போது திருநெல்வேலி, சங்கரன்கோவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை. அது 250 கிலோமீட்டருக்குள் அடங்கும். இப்படி வந்தால் பால்கோவா வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் மதுரையில் இருப்பாய்.

சாத்தூரில் காராச்சேவு. அடுப்புக்குப் பக்கத்துக் கடையாகப் பார்த்து நில். கடலை மாவும் அரிசி மாவும் கலந்து பூண்டு, மிளகாய் அரைத்துவிட்டுப் பிசைந்து, ஓட்டைக் கரண்டியில் தேய்த்து எண்ணெயில் விழவைப்பார்கள். அரிசி மாவு கூடினால் பல்லில் கல் மாதிரி கடிபடும், குறைந்தால் எண்ணெய் குடித்து நமநமத்துப் போகும். எந்த எண்ணெய் என்று வாய்விட்டுக் கேள். கடலை எண்ணெயில் போட்டதென்றால் வாசனையே சொல்லிவிடும். சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்தால் வாங்காதே. உள்ளே ஆவி வேர்த்து, ஊருக்குப் போவதற்குள் சேவு தொய்ந்துவிடும். ஆறிய பிறகு கட்டச் சொல். உன் வீட்டுக்கார அண்ணனுக்கு மிளகுச் சேவு, பிள்ளைகளுக்குக் கருப்பட்டிச் சேவு. சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சு கிடைத்தால் அங்கேயே உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்றுவிடுங்கள். ஊருக்குக் கொண்டுபோகிற சாமான் இல்லை அது, சாயங்காலத்துக்குள் வதங்கிவிடும்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரியும். கரிசல் மண்ணில் விளைந்த கடலை, வெல்லம், இரண்டும்தான் சரக்கு, மிச்சமெல்லாம் கைப்பக்குவம். கடலையை வறுத்துத் தோல் நீக்கி, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சுவார்கள். பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டால் கெட்டியாகி, எடுத்துத் தட்டும்போது டங்கென்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் மிட்டாய் இளகிப் பல்லில் ஒட்டும், தாண்டிப் போனால் கசக்கும். வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பார். இழுபடாமல் பட்டென்று முறிய வேண்டும். கண்ணாடி மாதிரி மினுமினுப்பாக இருந்தால் மயங்காதே, குளுக்கோஸ் பாகு சேர்த்தாலும் அந்த மினுக்கு வரும். சிக்கு வாடை அடித்தால் பழைய கடலை, தொடவே தொடாதே. மேலே வண்ணத் தேங்காய்ப்பூ தூவியதை அன்றைக்குத் தின்ன வாங்கு. வைத்திருந்து தின்பதற்குத் தேங்காய் இல்லாதது.

தூத்துக்குடியில் மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, வேறொன்றும் கிடையாது. அதற்கு எதிரி ஈரக்காற்று. எவர்சில்வர் டப்பா ஒன்று கையோடு கொண்டு வா, வாங்கிய கையோடு அதில் போட்டு மூடு. காருக்குள் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுக்கத் திறந்து திறந்து மூடினால் மதுரை சேர்வதற்குள் சவ்வாகிவிடும்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த சமாசாரம். “கருப்பட்டி எங்கே வாங்கினால் என்ன, பத்துக் கிலோ வாங்கிவிடலாம்” என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

ஒரு கணக்கைப் பார். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அந்தப் பதநீருக்குப் பனையேறி காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும். ஒரு மரம் இல்லை, முப்பது நாற்பது மரம். ஒவ்வொன்றிலும் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவின கலயத்தைக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும், கூடிவிட்டால் கருப்பட்டியில் சுண்ணாம்புக் காரம் ஏறிவிடும். இறக்கினதை விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சுகிற குடிசையில், வடிகட்டிப் பல மணி நேரம் விறகெரித்துக் காய்ச்ச வேண்டும். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்குமுத்தை நசுக்கிப் போடுவார்கள். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவார்கள். பக்கத்திலேயே நின்று கிண்டுவது பெரும்பாலும் பெண்கள்தான், அந்தப் புகையும் அனலும் முழுக்க அவர்கள் கண்ணுக்குள்ளேதான் போகிறது. இவ்வளவும் சேர்த்து ஒரு கிலோ. இதை ஒருவன் மண்டை வெல்லத்தின் விலைக்குப் பக்கத்தில் வைத்து விற்றால் அது கருப்பட்டியாக இருக்க வழியே இல்லை, கோமு.

என்ன நடக்கிறதென்றால், பதநீர் கொதிக்கும்போதே சீனியைக் கொட்டிவிடுகிறார்கள். பத்து லிட்டரில் கிடைக்க வேண்டியது மூன்று லிட்டரில் கிடைத்துவிடுகிறது. இன்னும் மோசமான ஆட்கள் சீனிப்பாகில் பழைய கருப்பட்டியை வாசனைக்குக் கரைத்து ஊற்றுகிறார்கள். சிரட்டை வடிவம் அதேதான், ஓலைப்பெட்டியும் அதேதான். திருச்செந்தூர்க் கடைத்தெருவில் அவசரமாக வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

நீ பார்க்க வேண்டியது இவ்வளவு. முதலில் ஒன்றை உடைக்கச் சொல், உடைக்க மாட்டேன் என்கிற கடையை விட்டு நகர்ந்துவிடு. உடைந்த முகம் மங்கலாக, கரும்பழுப்பாக இருக்க வேண்டும். வெயிலில் காட்டினால் பொடிப்பொடியாக மின்னினால் சீனி. சுத்தியல் தேடும் அளவுக்கு இறுகிக் கிடந்தாலும் சந்தேகப்படு. ஒரு துண்டை நாக்கில் போட்டு அவசரப்படாமல் கரையவிடு. தித்திப்புக்குப் பின்னால் லேசாக ஒரு கரிப்பு வரும், புகை வாசம் வரும். வெறும் தித்திப்பு மட்டும் வந்து நின்றுவிட்டால் வைத்துவிட்டு வா. ஒன்றை வைத்து முடிவு பண்ணாதே, இவையெல்லாம் சேர்ந்து சரியாக வந்தால்தான் நம்பலாம். இவற்றைவிட நம்பகமானது விடிலிக்கே போய்க் கண்முன்னால் காய்ச்சுகிறவர்களிடம் வாங்குவது. உடன்குடி, குலசேகரன்பட்டினம் பக்கம் சீசன் நேரத்தில் புகை தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்திக் கேட்டாலே போதும். ஆடி பிறந்துவிட்டால் பதநீர் குறைந்துபோகும், ஆனிக்குள் வருவது நல்லது.

காலை எட்டு மணிக்குள் போனால் பனையோலைப் பட்டையில் பதநீர் குடிக்கலாம். பிள்ளைகளுக்கும் கொடு. பாட்டிலில் அடைத்து ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று அண்ணன் கிளம்புவார், விடாதே. வெயில் ஏற ஏற புளித்து நுரைத்து, இறுக்கி மூடின மூடியைத் தள்ளிவிடும். அப்புறம் கார் முழுக்கக் கள் வாடைதான்.

பத்துக் கிலோ வேண்டாம், ஐந்து கிலோ போதும். மழைக்காலத்தில் கருப்பட்டி வேர்க்கும், உன் வீட்டுச் சமையலறை ஏற்கெனவே ஈரம். மண்பானையில் ஓலையோ பழைய காகிதமோ விரித்து அடுக்கி, மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் உயரமான இடத்தில் வை. ஃபிரிட்ஜில் வைக்காதே, வெளியே எடுத்ததும் நீர் கோத்துக்கொள்ளும். வண்டியில் வரும்போது டிக்கியில் போடாதே, சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின்சீட்டுக்குக் கீழே ஏசி படுகிற இடத்தில் வை. காப்பிக்கு என்றால் கால் கிலோவை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டி வைத்துக்கொள், அடியில் மண் தங்கும். பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். பாலை இறக்கி, கொதி அடங்கின பிறகு ஊற்று.

இதில் எனக்கு இருக்கிற பெரிய கவலை கலப்படம்கூட இல்லை. ஏறுவதற்கு ஆள் இல்லை, கோமு. உயரமான மரம், பிடி தவறினால் உயிர், வருஷத்தில் சில மாதம்தான் வேலை. பனையேறியின் மகன் ஏன் ஏற வேண்டும்? 1978இல் மாநில மரமாக அறிவித்த மரம். 2021 வேளாண் பட்ஜெட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று சொன்னார்கள், நல்லதுதான். ஆனால் வெட்டாமல் நிற்கிற மரத்தில் ஏறுகிறவனுக்கு நியாயமான கூலி கிடைத்தால்தான் கருப்பட்டி இருக்கும். சீனி கலந்ததை மலிவாக வாங்குகிற ஒவ்வொருவரும் கலக்காமல் காய்ச்சுகிறவரைச் சந்தையை விட்டுத் தள்ளுகிறோம். அவர் கேட்கிற விலையில் பேரம் பேசாதே. மாரியம்மாள் டீச்சர் நோட்டுப் புத்தகக் கடையில் பேசுவாரே, அந்தப் பேரத்தை அங்கே காட்டாதே.

திருநெல்வேலியில் அல்வாவுக்குப் பேர்போன இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். நீங்கள் மதியம் கடப்பீர்கள், அண்ணனிடம் இப்போதே சொல்லி வை. வேறு கடையில் வாங்கலாம், நெய் கையில் ஒட்டி வழுக்கினால் சரியான அல்வா. இறுகினால் பொட்டலத்தோடு வெந்நீரில் வைத்து எடு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கக் கடையிலேயே வாங்கு. 2019இல் குறியீடு வாங்கின பால்கோவா அது. பத்து லிட்டர் பாலுக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ சீனி போட்டுச் சுண்டக் காய்ச்சினால் மூன்று, மூன்றரைக் கிலோ தேறும். இங்கேயும் விலை மலிந்தால் மாவு சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படு. வீட்டில் டிஞ்சர் அயோடின் இருந்தால் ஒரு சொட்டு விட்டுப் பார், நீலமானால் மாவுதான். நல்லது இளம்பழுப்பாக, லேசான மணல் பதத்தில் இருக்கும். வெளியே வைத்தால் நாலு நாளில் முடித்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின புதன்கிழமைக்குள் போன் பண்ணு. உடன்குடிக்குப் பக்கத்தில் தெரிந்த விடிலி ஒன்று இருக்கிறது, ஐந்து கிலோ எடுத்துவைக்கச் சொல்கிறேன். சில்லுக் கருப்பட்டியும் வேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல், சுக்கும் மிளகும் தட்டிப் போட அவர்களுக்கு ஒரு நாள் வேண்டும்.

அன்புடன்,
பேச்சி