அறிக்கை வரும்வரை காத்திராதவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

அப்பா வீடு திரும்பிப் பதினொரு நாளாகிறது. பேப்பரில் நன்றி நவிலல் போட்டால் நாலு வரியில் எல்லோருக்கும் சேர்த்து முடிந்துவிடும். எனக்கு அது போதாது, ஆள் ஆளாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள், போடவில்லை. வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்கிறவர் அப்பா. சீனி வருத்தமும் பிறசரும் பத்து வருசமாக இருக்கின்றன. சிறுநீரகமும் கொஞ்சம் பழுது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். பிறசருக்கு லோசாட்டன் போடுகிறவர், கால் வீக்கத்துக்கு ஸ்பைரனோலக்டோனும் புதிதாகச் சேர்ந்திருந்தது. சிறுபோக அறுவடை நேரம், ஆவணி வெயில். கால் உளைகிறது என்று ஓரிடத்தில் நோவுக்குக் குளிசை வாங்கி நாலு நாள் போட்டார். வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கொடுத்தவர் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. களைப்பாக இருக்கிறாரே என்று நான் முற்றத்துச் செவ்விளநீரை வெட்டி வெட்டிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து. இளநீர் குளிர்ச்சி, உடம்புக்கு நல்லது என்று கேட்டுத்தானே வளர்ந்தோம்.

ஐந்தாம் நாள் விடிய அவரால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. இரண்டு காலும் வாழைத்தண்டு போலத் துவண்டன. பக்கத்து வீட்டு மாமி பாரிசவாதம் என்றார், எண்ணெய் போடுகிற ஓர் ஆளையும் சொன்னார். முதல் நன்றி எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓடும் தம்பிக்கு. “அக்கா, வாதமெண்டால் ஒரு பக்கம்தானே இழுக்கும்? 1990க்கு அடியுங்கோ” என்றது அவன்தான். அம்புலன்சில் வந்த சிங்களத் தம்பிக்குத் தமிழ் அரைகுறை. அப்பாவின் கையைப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்தான். நாடி 36. முகம் மாறியது, ஆனால் “பயம் வேணாம் அக்கா” என்று மட்டும் சொன்னான். போகிற வழியிலேயே வைத்தியசாலைக்கு அறிவித்தும்விட்டான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் எங்களை வரிசையில் விடவில்லை. போன கையோடு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தத் தாளை டொக்டர் எனக்கும் காட்டினார். சின்ன மேடு போல வரவேண்டிய ரீ அலை கூடாரம் அடித்ததுபோலக் கூர்ந்து நின்றது. அதற்கு முன்னால் ஒடுக்கமாக வரவேண்டிய கோடு அகன்று கிடந்தது. “இது அநேகமாக இரத்தத்தில் பொட்டாசியம் கூடினது. இரத்த அறிக்கை வர நேரமெடுக்கும், அதுவரை இந்த இதயம் பொறுக்குமோ தெரியாது” என்றார்.

தாதி மிஸ் ஒருவர் மருந்துப் பையை வாங்கி ஒவ்வோர் அட்டையாகப் பார்த்தார். பிறகு, “ஐயா இந்த நாலைந்து நாளும் என்ன சாப்பிட்டவர், என்ன குடிச்சவர்?” என்று கேட்டார். இளநீர் என்றேன். எத்தனை என்றார். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது, இளநீரிலும் பொட்டாசியம்தான். சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பொட்டாசியத்தை, பிறசர், கால் வீக்கம், நோவு என்று போட்ட மூன்று குளிசைகளும் சேர்ந்து தேக்கி வைத்த பொட்டாசியத்தை, நான் கையால் ஊற்றிக் கூட்டியிருக்கிறேன். மிஸ், நீங்கள் ஏசவில்லை. எழுதிக்கொண்டு என் தோளைத் தொட்டுவிட்டுப் போனீர்கள். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அறிக்கை வருவதற்கு முன்பே கல்சியம் குளுக்கோனேற்றை மெல்ல மெல்ல நரம்பில் ஏற்றினார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்காதாம், இதயத்துக்குக் கொஞ்ச நேரம் கவசம் மட்டும்தான். ஊசி முடிவதற்குள் திரையில் அகன்ற கோடு ஒடுங்குவதை என் கண்ணால் கண்டேன். அடுத்து 10 அலகு இன்சுலின், கூடவே குளுக்கோஸ். பிறகு இழுப்புக்காரருக்குப் பிடிக்கிற புகையையும் பிடித்தார்கள். அப்பாவுக்கு இழுப்பு இல்லையே என்று நான் குறுக்கே விழுந்தேன். அந்தச் சல்பியூற்றமோலும் பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து கலங்களுக்குள் தள்ளும் என்று, அந்த அவசரத்திலும் நின்று விளங்கப்படுத்தினார் டொக்டர்.

ஆய்வுகூடத்துத் தம்பியை நான் பார்த்ததே இல்லை. பொட்டாசியம் 7.8 என்று கண்டதும் வார்டுக்குப் போன் எடுத்தவர். இருக்க வேண்டியது 3.5க்கும் 5க்கும் இடையில். எடுத்த இரத்தத்தில் கலங்கள் உடைந்தாலும் பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதால், இன்னொரு மாதிரி கேட்டு வாங்கித் திரும்பவும் பார்த்தாராம். அதுவும் 7.6.

இன்சுலினின் வேலை சில மணித்தியாலம்தான், உள்ளே தள்ளியது திரும்பவும் வெளியே வரும் என்றார்கள். ஆகவே இரத்தச் சுத்திகரிப்புக்கு யாழ்ப்பாணம். ஏ9 வீதியில் சின்ன டொக்டர் கல்சிய ஊசியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மொனிற்றரை விட்டு எடுக்காமல் வந்தார். கூட வந்த மிஸ் அரை மணிக்கு ஒருதரம் விரலில் குத்திச் சீனி பார்த்தார். இரண்டாம் முறை 64, இன்சுலினால் சீனி நன்றாக இறங்கியிருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார். சீனி வருத்தக்காரருக்குச் சீனி ஏற்றுகிறார்களே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனையிறவு தாண்டும்போது அப்பா கண் திறந்து, “காயப்போட்ட நெல்லை மூடினீங்களோ?” என்று கேட்டார். சின்ன டொக்டர் அன்றைக்கு அப்போதுதான் சிரித்தார்.

சுத்திகரிப்புப் பிரிவினருக்கும் நன்றி. பொட்டாசியம் குறையக் கிழங்கைச் சின்னதாக வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து வடித்துவிட்டுச் சமைக்கச் சொன்ன அக்காவுக்கும் நன்றி. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், வாங்க வேண்டாம் என்று அவர் சொல்லியிராவிட்டால், நல்லதென்று நினைத்து அதையும் வாங்கியிருப்பேன்.

போன திங்கள் கிளினிக்குக்குப் போனோம். வெறுங்கையோடு வரமாட்டேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அதே மரத்துக் குலை ஒன்றை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். மிஸ் குலையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “நாங்கள் குடிக்கிறம் ஐயா, நீங்கள் இருந்து பாருங்கோ” என்றார்.

அன்புடன்,
மகள், குடும்பத்தார் சார்பில்